பாட்டாவின் டிரங்குப் பெட்டியில் நாலு ராஜா வீட்டுக் கல்யாணப் படங்கள்: விற்கலாமா?

வேளிமலைக்காரி (தக்கலை):

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டா (தாத்தா) திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் பிளாக் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். 1956இல் எங்கள் பக்கம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் வேலை அங்கே, வீடு இங்கே என்று களியக்காவிளை தாண்டி பஸ்ஸில் போய்வந்தவர். போன மாதம் பழைய வீட்டின் மச்சைப் பிரித்தபோது அவருடைய டிரங்குப் பெட்டி கிடைத்தது. மேலே வேட்டி, கணக்கு நோட்டு. அடியில் பழந்துணியில் சுற்றி நாலு படங்கள். நாலுமே கல்யாணப் படங்கள், அதுவும் ராஜா வீட்டுக் கல்யாணங்கள்.

முதலாவது பெரியது. தேக்குச் சட்டம், கண்ணாடி போட்டது. பெண் உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார், பின்னால் மூன்று பேர். கீழே வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. பின்பலகையில் மலையாளத்தில் பென்சிலால் ‘1109 மகரம்’ என்று எழுதி, அதன் கீழே 3 என்று ஓர் எண்.

இரண்டாவது பத்துக்கு எட்டு அங்குலம், பளபளப்பான கறுப்பு வெள்ளை. எலிசபெத் ராணி இளவரசியாக இருந்தபோது கல்யாணம் முடிந்து அரண்மனை பால்கனியில் நிற்பது. படத்தின் மேலேயே சிவப்புப் பென்சில் கோடுகள், முகத்திரையைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் மாதிரி எதையோ தடவியிருக்கிறார்கள். பின்பக்கம் மெல்லிய தாளில் ஆங்கிலத்தில் டைப் அடித்து ஒட்டியிருக்கிறது, தொட்டால் ஓரம் பொடிகிறது. இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். ஒன்றில் 20 நவம்பர் 1947 என்று தெரிகிறது.

மூன்றாவது சீட்டுக்கட்டுச் சீட்டை விடக் கொஞ்சம் பெரிய அட்டை. பழுப்பு நிறத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பின்னால் மேயால், ரீஜன்ட் தெரு, லண்டன் என்று அச்சடித்திருக்கிறது. இது நாகர்கோவிலில் ஏதோ மிஷன் பங்களா சாமான்களை ஏலம் விட்டபோது பாட்டா வாங்கியது என்று அப்பா சொல்கிறார். நாலாவது டயானா கல்யாணம், கலரில், அட்டையில் ஒட்டியது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். தெரிந்தவர் மூலமாக ஒரு வியாபாரி வந்து பார்த்தார். நாலுக்கும் சேர்த்து 15,000 தருகிறேன் என்கிறார். சட்டத்தைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வாராம். இரண்டாவது படத்தின் பின்னால் இருக்கும் தாள் வெறும் குப்பை, ஈரத்துணி வைத்து எடுத்துவிட்டால் படம் சுத்தமாகிவிடும் என்றார். வீட்டில் கொழுந்தன் ‘லேமினேஷன் போட்டு ஹாலில் மாட்டிவிடலாம் அண்ணி’ என்கிறார். இதற்கு நடுவில் நான் இணையத்தில் தேடினால் அதே பால்கனி காட்சியை ‘லிமிடெட் எடிஷன்’ என்று நம்பர் போட்டு, சட்டம் மாட்டிப் புதிதாக விற்கிறார்கள். புதிதாகப் பிரிண்ட் போட முடிகிறது என்றால் எங்களிடம் இருக்கிற பழசுக்கு என்ன மதிப்பு? எது நிஜமான போட்டோ, எது புத்தகத்திலிருந்து வெட்டியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சித்தூர்ப்புழை (சித்தூர், பாலக்காடு):

சகோதரி, முதல் வேலையாக அந்த டைப் அடித்த தாளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது குப்பை இல்லை. அந்தப் படத்தின் பிறப்புச் சான்றிதழே அதுதான்.

நான் பதினாறு வருஷமாகப் பத்திரிகை ஏஜென்சிப் படங்கள் சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் லண்டன் ஏஜென்சிகள் ஒரு நெகட்டிவிலிருந்து கட்டுக்கட்டாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் யார், எங்கே, என்றைக்கு என்று டைப் அடித்த சீட்டை ஒட்டி உலகத்தில் இருக்கும் பத்திரிகைகளுக்கெல்லாம் விமானத் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்ததும் பத்திரிகை அலுவலகம் தன் ஸ்டாம்பைக் குத்தும். உங்கள் படத்தில் இரண்டு ஸ்டாம்ப் இருப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம், ஒன்று அனுப்பியவர்களுடையது, இன்னொன்று வாங்கியவர்களுடையது. ரேடியோ மூலம் அவசரமாக அனுப்பிய படங்களும் உண்டு, அவற்றில் மெல்லிய கிடைக்கோடுகள் ஓடும், முகம் சற்று மசங்கலாக இருக்கும். உங்களுடையதில் முகத்திரையின் மடிப்பு துல்லியமாகத் தெரிந்தால் அது நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட பிரிண்ட்.

அப்புறம் அந்தச் சிவப்புக் கோடும் வெள்ளைப் பெயிண்டும். இதைப் படித்தவுடன் எனக்குக் கை பரபரத்தது. பிளாக் எடுப்பது என்றால் என்ன? படத்தைக் கட்டம் போட்ட திரை வழியாகத் திரும்பவும் படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலம் விட்டு அரித்து, கறுப்பையும் சாம்பலையும் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக மாற்றுவது. பத்திரிகைத் தாள் மட்டமானது, மை பரவும். வெள்ளை முகத்திரைக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர் இருந்தால் அச்சில் இரண்டும் ஒன்றாகக் கலங்கிவிடும். அதனால் பிளாக் பிரிவில் இருப்பவர் மெல்லிய தூரிகையால் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார். சிவப்புக் கோடு, எந்த அளவுக்கு வெட்டவேண்டும் என்பதற்கு. உங்கள் பாட்டா அந்தப் பிரிவிலேயே இருந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அந்த வெள்ளையைத் தடவியது அவருடைய கையாகவே இருக்கலாம். அந்தப் படத்திலா ஈரத்துணி வைக்கச் சொன்னார் அந்த வியாபாரி? அந்தப் பெயிண்ட் தண்ணீரில் கரையும் சாயம், ஒரு துடைப்பில் போய்விடும்.

இப்போது ‘லிமிடெட் எடிஷன்’ கேள்வி. அவை போலி இல்லை, ஆனால் வேறு பொருள். நெகட்டிவ் ஒரு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, அவர்கள் இன்றைக்குப் புதிதாக ஒரு பிரிண்ட் போட்டு, 300இல் 12 என்கிற மாதிரி எண் எழுதி, காகிதத்தில் அழுத்த முத்திரை வைத்து, சான்றிதழ் கொடுத்து விற்கிறார்கள். படம் எடுத்த காலத்தை ஒட்டிப் போட்ட பிரிண்டைத்தான் சேகரிப்பவர்கள் ‘விண்டேஜ் பிரிண்ட்’ என்பார்கள். பிற்காலத்தில் அதே நெகட்டிவில் போட்டது பின்னாள் பிரிண்ட். சுவரில் மாட்டிப் பார்க்கப் புதிய பிரிண்ட் அழகாகத்தான் இருக்கும், கீறல் இருக்காது, கறுப்பு கறுப்பாக இருக்கும். வாங்குவதென்றால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்த எண்ணிக்கை எந்த அளவுக்கு? ஒரே படத்தை இந்த அளவில் 300, அதைவிடப் பெரிய அளவில் வேறு ஒரு 300 என்று தனித்தனியாகப் போடுவார்கள், மொத்தம் எத்தனை வெளியில் இருக்கிறது என்று அப்போது கணக்கே வேறு. ஆனால் 1947இல் திருவனந்தபுரத்தில் ஒரு மேசைக்கு வந்து, சிவப்புப் பென்சில் வாங்கி, தூரிகை வாங்கி, பத்திரிகையில் வந்துவிட்டுத் திரும்பிய பிரிண்ட் உங்களுடையது ஒன்றுதான்.

அந்தக் கல்யாணத்துக்கும் நம் ஊருக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து லண்டன் போனபோது காந்தி தன் கையால் நூற்ற நூலில் செய்த துணியை அவரிடம் பரிசாகக் கொடுத்தனுப்பினார். ஹைதராபாத் நிஜாம் கொடுத்தது வைர அட்டிகை. அதே சமயம் லண்டனில் துணிக்கு ரேஷன், மணப்பெண்ணின் பட்டுக்கும் கூப்பன் வேண்டியிருந்தது. அந்த உடையில் அதை வடிவமைத்த நார்மன் ஹார்ட்னெல் பத்தாயிரம் முத்துகளைத் தைக்க வைத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உங்கள் பிரிண்டில் அந்த முத்துகள் தெரிகிறதா என்று பாருங்கள், எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

லென்ஸ் என்றதும் சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். தட்டார் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். டயானா படத்தில் வைத்துப் பாருங்கள், நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிக் கோலம் தெரிந்தால் அது பத்திரிகைப் பக்கம். 1981 ஜூலை 29 கல்யாணத்துக்கு உலகம் முழுக்க அச்சடித்துத் தள்ளினார்கள், எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். மற்ற மூன்றிலும் புள்ளி தெரியாமல், எவ்வளவு கிட்டே போனாலும் நிறம் வழுவழுவென்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினால் நிஜப் புகைப்படம். இன்னொரு சோதனை, கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு. இருட்டறையில் படத்தின் பின்பக்கத்தை அதன் கீழே காட்டுங்கள். வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்த்த போட்டோத் தாள் 1950களில்தான் வந்தது, அது நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1947 பிரிண்ட் என்று சொல்லிக்கொண்டு ஒளிர்ந்தால் அது பிற்காலத்துத் தாள். பழைய பிரிண்டில் கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில், சாய்த்துப் பிடித்தால் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரியும். பலர் அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். தேய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் வெள்ளிதான் மேலே வந்திருக்கிறது.

லேமினேஷன் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

---

குழித்துறை_தாமிரபரணி:

அக்கா, கண்ணாடியோடு ஒட்டிப்போன மூலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தத் தப்பு நடந்துவிட்டது. என் அப்பா அம்மா கல்யாணப் படம், 1968. இப்படித்தான் ஒட்டியிருந்தது. சட்டம் மாற்றக் கொடுத்த கடையில் கத்தியை உள்ளே விட்டு இழுத்திருக்கிறார்கள். அம்மாவின் வலது கன்னமும் காதும் கண்ணாடியிலேயே போய்விட்டன. அம்மா போன பிறகு நடந்தது இது, அந்தக் கம்மலோடு இருந்த ஒரே படம். இன்னும் அந்தக் கண்ணாடியை நான் தூக்கிப் போடவில்லை.

நம் பக்கத்து ஈரம்தான் காரணம். வைகாசி நடுவில் எடவப்பாதி மழை ஆரம்பித்தால் ஐப்பசியில் துலா மழை வரைக்கும் சுவர் ஊறிக்கிடக்கும். படத்தின் மேலே இருக்கும் பூச்சு ஜெலட்டின், மழைக்காலத்தில் இளகும், வெயிலில் காயும், நேராகக் கண்ணாடியில் படுகிற இடத்தில் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒட்டின இடம் ஒட்டினபடியே இருக்கட்டும். கண்ணாடி வழியாகவே நல்ல கேமராவில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணி ஒன்றைக் கேமராவுக்குப் பின்னால் பிடித்தால் கண்ணாடியில் எதிர்பிம்பம் குறையும். பிரிக்கத்தான் வேண்டுமென்றால் புகைப்படங்களைச் சீர்செய்யும் வேலை தெரிந்தவரிடம் மட்டும்.

திரும்பச் சட்டம் போடும் நாள் வந்தால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், இடைவெளி இருக்க வேண்டும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பீரோவில் வைக்கிறவற்றுக்கு அந்துருண்டை போடாதீர்கள், கடையில் கிடைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம், அது வியர்த்து ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாத தாளில் மடித்து, கெட்டியான அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக வையுங்கள். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மச்சில் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறது, கீழே கொண்டுவந்து கெடுத்துவிடக் கூடாது.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் (நெய்யாற்றின்கரை):

மக்களே, அந்த 1109 மகரம் என்பதைப் பார்த்தீர்களா? அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு. ஆங்கில வருஷம் வேண்டுமென்றால் சிங்கம் (ஆவணி) பிறந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்த பிறகு 825. 1109உடன் 825 கூட்டினால் 1934. மகர மாதம் ஜனவரி நடுவில் பிறக்கும். 1934 ஜனவரி 24இல் திருவிதாங்கூரில் ஒரு பெரிய கல்யாணம் நடந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஒரே தங்கை கார்த்திகைத் திருநாள் லக்ஷ்மி பாயிக்கும் பூஞ்ஞாறு கோவிலகத்து கோதவர்ம ராஜாவுக்கும். கவடியார் அரண்மனையைக் கட்டியதே அந்தக் கல்யாணத்தை ஒட்டித்தான். கோதவர்ம ராஜா என்றால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், ஜி. வி. ராஜா என்றால் தெரியும், கேரளத்தில் விளையாட்டுக்கும் கோவளத்துக்கும் அவர் செய்ததைச் சொல்ல ஒரு நாள் போதாது.

தேதி பொருந்துவது பாதி வேலைதான். முகமும் பொருந்த வேண்டும். இருவருடைய இளவயதுப் படங்களும் பல இடங்களில் அச்சாகி வந்திருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணமகளுக்கு அப்போது பதினேழு வயது.

வியாபாரிகள் இந்த மாதிரிப் படத்துக்கு ‘திருவிதாங்கூர் மகாராஜா கல்யாணம்’ என்று சீட்டு ஒட்டி விற்பதை நானே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். சித்திரைத் திருநாள் கல்யாணமே செய்துகொள்ளாதவர். இங்கே மருமக்கள் வழி. ராஜ்யம் சகோதரியின் பிள்ளைக்குத்தான் போகும், ஆகவே தங்கையின் கல்யாணம்தான் ராஜ்யத்தின் கல்யாணம். மாப்பிள்ளை பெயரில் ராஜா என்று இருந்தாலும் திருவிதாங்கூருக்கு அவர் ராஜா அல்ல. அதனால்தான் மணமகளை உட்கார வைத்து மாப்பிள்ளையை நிற்க வைத்தார்களோ என்று எண்ணத் தோன்றும், ஆனால் அப்படி எண்ண வேண்டாம், அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் சாதாரணக் குடும்பப் படங்களிலும் அதே நிலைதான். படத்தை வாசிக்கும்போது ஊரின் முறையும் தெரியவேண்டும், ஸ்டுடியோவின் முறையும் தெரியவேண்டும்.

தக்கலையில் இருக்கிறீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்கு நடந்து போகிற தூரம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது. இந்தப் படத்தை விற்பதற்கு முன் அந்தத் துறையினரிடம் ஒரு நகலையாவது காட்டுங்கள்.

---

நகரி_தறி (நகரி, சித்தூர் மாவட்டம்):

எல்லோரும் விற்காதே என்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். நான் வாங்குகிறவள், எப்போதாவது விற்கிறவள்.

வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத பொருளை நல்ல கைக்குக் கொடுப்பதில் தப்பில்லை. மேயால் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு அட்டைக்குக் ‘கார்ட் டி விசிட்’ என்று பெயர், சுமார் 10 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலத்துக்குச் சற்று அதிகம். முட்டை வெள்ளைக்கருவைப் பூசிய மெல்லிய தாளில் பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டியது, அதனால்தான் பழுப்பு, வெளுத்த இடமெல்லாம் மஞ்சள். 1860இல் விக்டோரியா குடும்பத்தின் படங்களை மேயால் இந்த அளவில் விற்பனைக்கு விட்ட பிறகு இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ராஜ குடும்ப ஆல்பம் வைக்க ஆரம்பித்தார்கள். 1863 மார்ச் 10இல் விக்டோரியாவின் மூத்த மகன் எட்வர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்சாண்டிராவுக்கும் கல்யாணம் நடந்தபோதும் மேயால் படமெடுத்தார். உங்கள் அட்டையில் இருப்பவர்கள் அவர்கள்தானா என்று முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களாகவே இருந்தாலும் அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றது, அபூர்வம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாகர்கோவில் வரைக்கும் கப்பலில் வந்து சேர்ந்தது என்பது ஒரு கதை. வாங்குகிறவருக்கு அந்தக் கதையையும் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் கேட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள், நூறு வருஷம் கடந்த கலைப்பொருள்களை வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும், தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும்.

ஏமாற்றும் சீட்டுகளைப் பற்றி வாத்தியார் சார் சொன்னாரே, இன்னொன்று: ‘விக்டோரியா மகாராணியின் கல்யாணப் போட்டோ’ என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். அவர் கல்யாணம் 1840 பிப்ரவரியில், புகைப்படக்கலை அதற்கு முந்தைய வருஷம்தான் உலகத்துக்கே தெரிந்தது. கல்யாணத்தை யாரும் படமெடுக்கவில்லை. அப்படி விற்பது 1854இல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது, கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து. கல்யாண நாளிலேயே எடுத்த படம் என்றால் 1858 ஜனவரியில் அவர் மூத்த மகளின் கல்யாணத்தில் எடுத்ததைச் சொல்லலாம், உலோகத் தகட்டில் எடுத்தது. தாயும் தகப்பனும் நடுவில் மகளுமாக நிற்கிறார்கள், விக்டோரியா நடுங்கிப்போய் அசைந்துவிட்டதால் அவர் முகம் மட்டும் கலங்கியிருக்கும். ராணியாக இருந்தால் என்ன, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அன்றைக்கு அம்மாவுக்குக் கை கால் நடுங்கத்தான் செய்யும். எனக்கு எல்லா ராஜ கல்யாணப் படங்களிலும் பிடித்தது அதுதான்.

நான் தேடிக்கொண்டிருப்பது வேறு. நிஜாமின் இரண்டு மகன்களுக்கும் 1931 நவம்பரில் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தில் கல்யாணம் நடந்தது. மூத்தவருக்குக் கடைசி கலீஃபாவின் மகள் துர்ருஷேவர், இளையவருக்கு நிலோஃபர். துருக்கிப் பெண்கள், ஹைதராபாத் மாப்பிள்ளைகள், பிரெஞ்சு ஊர். ஏஜென்சிப் படங்கள் அங்கங்கே வருகின்றன. நாலு வருஷத்துக்கு முன் ஒன்றை வாங்கினேன், முன்பக்கம் மட்டும் போட்டோ போட்டு விற்றார்கள், நானும் பின்பக்கம் கேட்கவில்லை. வந்த பிறகு பார்த்தால் பின்னால் வழவழவென்று பிளாஸ்டிக் பூசிய தாள். அந்த வகைத் தாள் 1960களின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1931க்கு அது எப்படிப் போகும்? திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பின்பக்கப் படம் அனுப்பாதவரிடம் நான் வாங்குவதில்லை.

உங்கள் 15,000க்கு வருகிறேன். நாலையும் ஒரு தொகையாகக் கேட்கிறவர் அவற்றில் ஒன்றுக்காகத்தான் கேட்கிறார். எதற்காக என்று தெரியும் வரை ஒன்றையும் கொடுக்காதீர்கள். சட்டத்தைக் கழற்றச் சொல்கிறார் என்பதைப் பார்த்தால் 1934 படத்தின் அடி அட்டையில் ஸ்டுடியோ பெயர் அழுத்தியிருக்கிறதா என்று பார்க்க நினைக்கிறார் என்று தோன்றுகிறது.

---

வேளிமலைக்காரி (தக்கலை):

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக வேறு வேலையே ஓடவில்லை.

சித்தூர் அண்ணா, பக்கத்துத் தெரு தட்டாரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். டயானா படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, மற்ற மூன்றிலும் புள்ளி இல்லை. பால்கனிப் படத்தில் முத்துகள் தனித்தனியாகத் தெரியவில்லை, ஆனால் பாவாடையின் ஓரத்தில் பூ வரிசை மாதிரி மினுங்குவது தெரிகிறது. மருந்துக்கடையில் நோட்டு விளக்கைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டினோம். ஒளிரவே இல்லை, மங்கிய வாழைச்சருகு மாதிரி அப்படியே கிடந்தது. கடைப் பையன் தன் பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தான், அது பளீரென்று எரிந்தது.

வெள்ளைப் பெயிண்டைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா எழுந்து போய்ப் பாட்டாவின் கணக்கு நோட்டுக்கு அடியில் இருந்த ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். பல்பொடி டப்பா. உள்ளே மூன்று தூரிகைகள், ஒன்று ஈர்க்குச்சி மொத்தம்கூட இல்லை. அடியில் வெள்ளைத் தூள் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. நாங்கள் இத்தனை நாள் அவர் திருநீறு வைத்திருந்த டப்பா என்று நினைத்திருந்தோம்.

வாத்தியார் சார், பெரிய படத்தின் நகலை எடுத்துக்கொண்டு அத்தைப் பாட்டியைப் பார்க்க உங்கள் ஊருக்கே வந்துபோனேன். பாட்டாவின் தங்கச்சி, 91 வயது. மணமக்களைப் பார்த்தவுடன் ‘அம்மத்தம்புராட்டி’ என்று கைகூப்பினார். முகத்தையும் அச்சில் வந்த படங்களோடு வைத்துப் பார்த்துவிட்டோம், பொருந்துகிறது. ஆனால் அவர் படத்தை விடச் சட்டத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். போனில் இருந்த பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, மூலையில் விரல் வைத்து, ‘ஆணி உண்டா?’ என்றார். இரும்பாணி ஒன்றுகூட இல்லை, நாலு மூலையிலும் மூங்கில் முளை அடித்திருக்கிறது. அவருடைய அப்பா மரவேலைக்காரர், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குச் சட்டம் செய்து கொடுத்தவராம். கல்யாணப் படத்துக்கு நிறையச் சட்டம் ஒன்றாகச் செய்யச் சொன்னார்களாம், கூலியோடு ஒரு படமும் கொடுத்தார்களாம். பின்னால் இருக்கும் 3 அவர் போட்ட எண்தான் என்கிறார், சட்டத்துக்கும் பலகைக்கும் ஒரே எண் போட்டால்தான் மாறிப்போகாது என்று. சட்டத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தோம். அங்கேயும் 3.

வியாபாரிக்குப் போன் செய்து கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பெரிய படம் மட்டும் போதும், 25,000 தருகிறேன் என்றார். நகரி அக்கா சொன்னது சரிதான்.

மேயால் அட்டையை விற்கலாம் என்று நினைக்கிறேன். அப்பா மட்டும் யோசிக்கிறார்.

---

சித்தூர்ப்புழை (சித்தூர், பாலக்காடு):

அந்த டப்பாவையும் தூரிகைகளையும் பால்கனிப் படத்தோடு ஒரே பெட்டியில், ஆனால் தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள். டப்பா துருப்பிடித்தது என்றால் படத்தில் படக் கூடாது. வெள்ளைத் தூளைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

பின்னால் இருக்கும் தாளில் டைப் அடித்ததை ஒரு எழுத்து விடாமல், பிழை இருந்தால் பிழையோடு, இன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள். பொடிகிறது என்றீர்கள், ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு எழுத்து குறையும். இரண்டாவது ஸ்டாம்பில் இருக்கும் தேதி கிடைத்தால் சொல்லுங்கள். அந்த வாரத்துப் பத்திரிகை எங்காவது நூலகத்தில் தைத்து வைத்திருப்பார்கள், அச்சில் வந்த படத்தை உங்கள் சிவப்புக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருவனந்தபுரத்துக்கு நான் அடுத்த மாதம் போகிறேன், தேடிப் பார்க்கிறேன்.

---

நகரி_தறி (நகரி, சித்தூர் மாவட்டம்):

அப்பா யோசிக்கிறார் என்றால் அட்டை வீட்டிலேயே இருக்கட்டும் அம்மா. அது எங்கும் ஓடிப்போகாது, நானும் கேட்க மாட்டேன்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் (நெய்யாற்றின்கரை):

நம் ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் போய்விட்டீர்கள். அடுத்த முறை வரும்போது படத்தின் நகலை இன்னும் பெரிதாக எடுத்து வாருங்கள். பின்னால் நிற்கும் மூன்று பேர் யார் என்று அத்தைப் பாட்டியிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள், நானும் கூட வருகிறேன். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள், தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள், படத்தின் பின்னால் எழுத வேண்டாம்.

---

வேளிமலைக்காரி (தக்கலை):

ஞாயிறு காலை ஏழரை பஸ்ஸில் வருகிறோம் சார், அப்பாவும் வருகிறார். ஸ்டாம்பு தேதி 3 டிசம்பர்.